கைஸரே ஹிந்த்: ஏற்ற பதக்கமும் மீண்ட பதக்கமும்

'கைஸர்' என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ரோமப் பேரரசர் ஹிர்கலுக்குத் திஹ்யதுல் கல்பீ (ரலி) அவர்களின் வாயிலாகத் திருமுகம் அனுப்பிய வரலாற்றைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இலத்தீன் மொழியில் சீசர் என வழங்கிய பெயரே அரபு நாவில் கைஸர் ஆயிற்று. 1453-ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளைக் கைக்கொண்ட உதுமானிய சுல்தான் இரண்டாம் முஹம்மது, தம் பட்டங்களோடு 'கைஸரே ரூம்' என்பதனையும் சேர்த்துக்கொண்டார். நான்கு நூற்றாண்டுகள் கழிந்து அதே சொல் இந்திய மண்ணில் வேறொரு முடிக்குச் சூட்டப்பெற்றது. 1876-இல் விக்டோரியா மகாராணிக்கு இந்தியப் பேரரசி என்னும் பட்டத்தை அளிக்க லண்டன் பாராளுமன்றம் சட்டம் இயற்றியபோது, அதனை இந்திய மொழிகளில் எப்படி வழங்குவது என்ற வினா எழுந்தது. லாகூர் அரசுக் கல்லூரியின் தலைவராயிருந்த லைட்னர் என்னும் கீழைமொழிப் பேராசிரியர் 'கைஸரே ஹிந்த்' என்று எடுத்துக் கொடுத்தார். 1877 ஜனவரி முதல் நாள் லிட்டன் பிரபு கூட்டிய டில்லி தர்பாரில் அப்பெயர் முழங்கிற்று.

அதே பெயரைத் தாங்கி 1900 ஏப்ரல் 10-இல் ஒரு பதக்கம் தோன்றியது. அது தோன்றிய இருபதே ஆண்டுகளில், ரூம் நாட்டுக் கைஸரின் வழித்தோன்றலாகிய கலீபாவுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து, ஹிந்துக் கைஸரின் அப்பதக்கத்தைக் காந்தியடிகள் திருப்பி அனுப்பினார். விருதுகளின் வரலாற்றில் இதனினும் வியப்பான திருப்பம் வேறொன்று உண்டா என்பது எனக்கு ஐயமே.

பொன்னாலும் வெள்ளியாலும் ஆன பதக்கத்தை மார்பில் குத்தும் வழக்கம் கீழ்த்திசைக்கு உரியதன்று. அப்பாஸியக் கலீபாக்கள் காலந்தொட்டு முஸ்லிம் அரசவைகளில் பெருமை செய்யும் வழி 'கில்அத்' எனப்படும் ஆடையை அணிவித்தலே. ஆட்சியாளரின் பெயர் நெய்யப்பட்ட 'திராஸ்' கரைகொண்ட ஆடைகளைத் தயாரிப்பதற்கென்றே அரசுத் தறிச்சாலைகள் இருந்தன. முகலாயர் அவையிலும் அவ்வழக்கம் தொடர்ந்தது. அரசரின் தோளைத் தொட்ட ஆடை தம் தோளுக்கு வருவது, அவர் ஆட்சியில் தமக்கும் ஒரு பங்கு கிடைத்ததற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. பெற்றவர் பதிலுக்கு 'நஸ்ர்' என்னும் காணிக்கை செலுத்துவார். அந்த ஆடையும் வாளும் குடும்பத்தின் கருவூலத்தில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் இதன் பொருளை உணர்ந்தாரில்லை. அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் கில்அத் என்பது ஒரு சரக்கு. நஸ்ர் என்பது கையூட்டு. தம் அதிகாரிகள் பெற்ற அன்பளிப்புகளைத் 'தோஷாகானா' என்னும் பண்டசாலையில் ஒப்படைக்கச் செய்து, அவற்றையே அடுத்த நவாபுக்குப் பரிசாக எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் போர்த்திய பொன்னாடையை மறுநாள் மற்றொருவருக்குப் போர்த்தும் நம் காலத்து மேடைகளை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

1857-இன் பெருங்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. கில்அத் வழங்கும் உரிமை பெற்ற கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் விசாரிக்கப்பட்டு ரங்கூனுக்கு அனுப்பப்பட்டார். 1862 நவம்பரில் அங்கேயே அவர் மறைந்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1861 ஜூன் 25-இல், 'இந்திய நட்சத்திரம்' என்னும் விருது நிறுவப்பட்டுவிட்டது. பழைய அரசர் உயிரோடிருக்கும்போதே புதிய அரசின் அணிகலன் தயாராகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கிளர்ச்சியில் தம்மோடு நின்ற மன்னர்களுக்கே முதலில் அது கிடைத்தது. ஹைதராபாத் நிஜாம், குவாலியர் சிந்தியா, பட்டியாலா மகாராஜா, ராம்பூர் நவாப் ஆகியோருடன் போபாலை ஆண்ட சிக்கந்தர் பேகமும் முதற்பட்டியலில் இடம்பெற்றார். ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட அவ்வரிசையில் ஒரு முஸ்லிம் பெண்மணி நின்றது ஐரோப்பியருக்கே புதுமையாயிருந்தது.

இவ்விருது ஹைதராபாத்தில் ஒரு சிக்கலைக் கிளப்பிற்று. பதக்கத்தின் நடுவே மகாராணியின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. உடன் அணியவேண்டிய மேலங்கியோ பட்டு. நிஜாமின் முதலமைச்சர் சாலார் ஜங் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டினார். படைப்பினத்தின் உருவத்தை உடலில் தாங்குவது முஸ்லிமுக்கு ஆகாது. பட்டங்கியும் மார்க்கத்திற்கு மாறானது. மேலும் முன்னோரின் உடையை விடாது பேணும் மன்னர் அந்நிய உடையில் தோன்றினால் குடிமக்கள் நகைப்பர் என்பது அவர் வாதம். வைஸ்ராயின் விடை சுருக்கமானது: விதிகளை முழுமையாக ஏற்றால் விருது உண்டு, இன்றேல் இல்லை. நிஜாம் ஏற்றுக்கொண்டார்.

சாலார் ஜங் ஆங்கிலேயருக்குப் பகைவர் அல்லர். 1857-இல் ஹைதராபாத்தை அவர்கள் பக்கம் நிறுத்தியவரே அவர்தாம். அத்தகையவரே எழுப்பிய மறுப்பு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. பெறுபவரின் மனம் எது என்று கேளாமல் அளிக்கப்படும் பெருமை, பெருமையாகுமா என்ற வினாவை அவர் பணிவான சொற்களில் கேட்டுவிட்டார். இன்னொரு வேறுபாடும் உண்டு. கில்அத் பெற்றவர் குடும்பத்தின் உடைமையாயிற்று. இந்திய நட்சத்திரமோ பெற்றவர் மறைந்ததும் அரசுக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். அது பரிசன்று, ஆயுட்கால இரவல்.

உருவமின்றி ஒரு பேரரசு விருது வழங்க இயலாதா? இயலும் என்பதற்கு அதே காலத்து இஸ்தான்புல் சான்று. 1851-இல் சுல்தான் அப்துல் மஜீத் நிறுவிய 'மஜீதிய்யா' விருதின் நடுவில் இருப்பது அவர் முகமன்று. 'துக்ரா' எனப்படும் அழகிய எழுத்து முத்திரையே. அதனைச் சூழ்ந்து 'ஹமிய்யத், கைரத், ஸதாகத்' என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 1878-இல் இரண்டாம் அப்துல் ஹமீது, ருஷியப் போரில் வீடிழந்து வந்த அகதிகளுக்கு உதவிய பெண்களைச் சிறப்பிக்க 'ஷஃபகத்' என்னும் விருதை ஏற்படுத்தினார். பெண்களுக்கென்றே அமைந்த அவ்விருதிலும் துக்ராவே விளங்கிற்று. 1900-இல் தொடங்கிய ஹிஜாஸ் இரயில் பாதைக்கு நன்கொடை தந்தோர்க்கு, தொகைக்கேற்ப நிக்கல், வெள்ளி, பொன் என மூவகைப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. துக்ராவின் கீழே புகை கக்கும் இரயில் எந்திரம் ஒன்று! டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு 1,300 கிலோமீட்டர் தொலைவு ஓடிய அப்பாதை 1908-இல் திறக்கப்பட்டது. லாகூரில் 'வதன்' இதழை நடத்திய முஹம்மது இன்ஷாவுல்லாஹ்வும் ஹைதராபாத்தின் முல்லா அப்துல் கையூமும் இதற்காக இந்தியாவில் நிதி திரட்டினர். இந்திய முஸ்லிம்களின் மனத்தில் கலீபாவின் நாடு எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கு இதுவே அளவுகோல்.

இனி நம் பதக்கத்துக்கு வருவோம். 1896-இல் பம்பாயில் புகுந்த கொள்ளைநோய், அதனைத் தொடர்ந்த பஞ்சங்கள் ஆகியவற்றால் நாடு நலிந்திருந்த வேளையில் பிறந்தது கைஸரே ஹிந்த். போர்வீரத்துக்கன்றிப் பொதுமக்கள் தொண்டுக்கே அது அளிக்கப்படும்; இனம், தொழில், பதவி, பால் வேற்றுமை பாராது வழங்கப்படும் என்று அதன் ஆணை கூறிற்று. முட்டை வடிவிலான வில்லை, கருநீல நாடா, ஒருபுறம் அரசரின் பெயரெழுத்துகள், மறுபுறம் 'இந்தியாவில் பொதுத் தொண்டுக்காக' என்னும் பொருள்பட்ட வாசகமும் கைஸரே ஹிந்த் என்ற பெயரும். முகம் இல்லை, எழுத்து மட்டுமே! சாலார் ஜங் உயிரோடிருந்தால் இப்பதக்கத்தின்மீது அந்தக் குறையைக் கூறியிருக்கமாட்டார். முதலில் பொன், வெள்ளி என இரு வகுப்புகள். பின்னர் வெண்கலமும் சேர்ந்தது.

பெற்றோர் பட்டியல் பலதிறத்தது. 1904-இல் ஓவியர் ரவிவர்மா பெற்றார். 1908-இல் மூசி ஆறு பெருகி ஹைதராபாத்தை அழித்தபோது செய்த தொண்டுக்காகச் சரோஜினி நாயுடு 1911-இல் பெற்றார். நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த எமி கார்மிக்கேல் அம்மையாருக்கு 1919-இல் அறிவிக்கப்பட்டபோது, அவர் மகிழவில்லை, கலங்கினார். இதற்குரிய எதனையும் தாம் செய்யவில்லையென்றும், மறுத்தால் தவறாகுமோ என்றும் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவுக்கு எழுதினார். பிறர் வற்புறுத்தலால் ஏற்றுக்கொண்டாரேயன்றிச் சென்னையில் நடந்த விழாவுக்குச் செல்ல மறுத்துவிட்டார்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிய 1915-ஆம் ஆண்டு ஜூன் 3-இல், அரசர் பிறந்தநாள் பட்டியலில் அவருக்குப் பொற்பதக்கம் அறிவிக்கப்பட்டது. கவிஞர் தாகூருக்கு 'சர்' பட்டம் அளித்ததும் அதே பட்டியல்தான். பட்டியலைத் தயாரித்த எழுத்தர், ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் இவ்விரண்டும் திரும்பி வருமென்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து 1919 மே இறுதியில் தாகூர் தம் பட்டத்தைத் துறந்து வைஸ்ராய் செம்ஸ்போர்டுக்கு எழுதினார். அப்படுகொலைக்குப் பிறகு சரோஜினி நாயுடுவும் தம் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

தாகூருக்கும் முன்னரே வழிகாட்டியவர் ஒரு தமிழர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவின் நிலையை விளக்கி 1917 ஜூனில் அமெரிக்கத் தலைவர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியா மந்திரி மாண்டேகு அதனைக் கடுஞ்சொற்களால் இகழ்ந்தார். முதியவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 'சர்', 'திவான் பகதூர்' இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

1920 ஆகஸ்டு முதல் நாள் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு எழுதிய கடிதம், உதுமானிய அரசைக் கூறுபோடும் செவ்ர் உடன்படிக்கை கையொப்பமாவதற்கு ஒன்பது நாள் முந்தியது. கைஸரே ஹிந்த் பொற்பதக்கத்துடன், 1906-இல் ஜூலுக் கலகத்தின்போதும் அதற்கு முன்னர்ப் போயர் போரிலும் காயமுற்றோரைச் சுமந்த பணிக்காகப் பெற்ற இரு பதக்கங்களையும் அவர் திருப்பினார். வேதனையின்றி இதனைச் செய்யவில்லை என்று அவரே குறித்தார். அவர் எடுத்துரைத்த காரணங்கள் இரண்டு: பஞ்சாப் கொடுமை, கிலாபத்து விஷயத்தில் முஸ்லிம்களுக்குத் தந்த வாக்குறுதி மீறப்பட்டமை. பிறர் மனப்புண்ணைத் தம் புண்ணாகக் கொண்டு, தம் உழைப்பால் பெற்ற பொருளை ஈடாக வைத்த செயல் அது. கிலாபத்து இயக்கத்தின் முடிவு பற்றி இன்று எத்தனையோ கருத்துகள் கூறப்படலாம். துருக்கியரே 1924-இல் கலீபா பதவியை ஒழித்துவிட்டனர் என்பதும் உண்மை. அதனால் 1920-இல் அனுப்பப்பட்ட அந்தச் சிறுபொட்டலத்தின் கனம் குறைந்துவிடாது.

டில்லியின் யூனானி மருத்துவ மேதை ஹக்கீம் அஜ்மல் கான் இழந்தது இன்னும் மிகுதி. 1908-இல் அரசு அவருக்கு 'ஹாஸிகுல் முல்க்' என்னும் பட்டமளித்தது. பின்னர்ப் பொற்பதக்கமும் தந்தது. அவர் எழுப்பிய திப்பிய்யா கல்லூரிக்கு 1916-இல் அடிக்கல் நாட்டியவர் வைஸ்ராய் ஹார்டிஞ்ச். அரசின் ஆதரவு அக்கல்லூரிக்குத் தேவை என்பதை அறிந்தே பட்டத்தையும் பதக்கத்தையும் அவர் துறந்தார். 1921 பிப்ரவரியில் கல்லூரியைத் திறந்துவைத்தவர் காந்தியடிகள். அரசின் பட்டம் போன இடத்தில் 'மஸீஹுல் முல்க்' என்னும் பெயரை மக்கள் சூட்டினர்.

இவ்வாறு செய்தோர் மிகச் சிலரே. 1920 செப்டம்பரில் கல்கத்தா சிறப்பு மாநாடு பட்டத் துறப்பை ஒத்துழையாமையின் முதற்படியாக்கிய பிறகும், பெரும்பாலோர் தத்தம் பட்டங்களைக் கைவிடவில்லை. இவர்களையெல்லாம் அடிவருடிகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று. 'கான் பகதூர்', 'கான் சாஹிப்' பட்டங்களைக் குறித்து நம் சமூகத்தில் ஒருகாலத்துப் பெருமிதமும் பிற்காலத்துக் கூச்சமும் மாறிமாறி வந்திருக்கின்றன. பள்ளிக்கூடம் கட்டியவரும் கிணறு வெட்டியவரும் கொள்ளைநோய்க்கு அஞ்சாது மருத்துவமனை நடத்தியவரும் அவர்களுள் உண்டு. கலெக்டரின் விருந்துக்குச் செலவழித்தே பெற்றவரும் உண்டு. பட்டத்தைக் கொண்டு ஆளை அறிய முடியாது.

1911 டிசம்பர் டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் இப்பட்டங்களுக்கெனக் கழுத்தில் அணியும் பதக்கங்களை ஏற்படுத்தினார். திவான் பகதூர், சர்தார் பகதூர் முதல் வகுப்பு. கான் பகதூர், ராய் பகதூர், ராவ் பகதூர் இரண்டாவது. கான் சாஹிப், ராய் சாஹிப், ராவ் சாஹிப் மூன்றாவது. முறையே இளநீலம், சிவப்பு, கருநீலம் நாடாக்கள். கதிர்விரித்த அந்நட்சத்திரத்தின் நடுவே முடிசூடிய அரசரின் முகம்! ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஹைதராபாத்தில் எழுந்த மறுப்பு இப்போது எழவில்லை. பழக்கம் எதனையும் இயல்பாக்கிவிடும்.

1946 ஜூலை 29-இல் பம்பாயில் கூடிய முஸ்லிம் லீக் கவுன்சில் அந்நிய அரசின் பட்டங்களைத் துறக்குமாறு கேட்டபோது, அக்கூட்டத்திலேயே சிலர் எழுந்து துறந்தனர். ஓராண்டில் அரசே போய்விட்டது. குடியரசின் அரசியல் சட்டம் 18-ஆம் பிரிவில் பட்டங்களை ஒழித்தது. 1954-இல் பாரத ரத்னா, பத்ம விருதுகள் வந்தன. 1977-இல் நிறுத்தப்பட்டு 1980-இல் மீண்டன. இவை பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் இட்டுக்கொள்ளலாகாது என்று 1995-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

பழைய பதக்கங்கள் என்னவாயின? பொன் பெரும்பாலும் பொற்கொல்லரின் உலைக்குப் போயிற்று. எஞ்சியவை சேகரிப்போர் கைக்கு வருகின்றன. கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் தம் கவிதைக்காக நபி பெருமானாரிடம் பெற்ற மேலாடையைப் பத்தாயிரம் திர்ஹத்துக்கு முஆவியா (ரலி) கேட்டார்கள், கஅபு தரவில்லை. அவர் மறைந்தபின் வாரிசுகளிடமிருந்து இருபதாயிரத்துக்கு வாங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். பெற்றவர் விற்கமாட்டார்; பிள்ளைகள் விற்பர். சேகரிப்பு என்னும் கலையே இந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. விற்பதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் எதனை விற்கிறோம் என்பதை அறிந்து விற்க வேண்டும்.

கைஸரே ஹிந்த் பதக்கத்தில் பெற்றவரின் பெயர் பொதுவாகப் பொறிக்கப்படுவதில்லை. கழுத்துப் பதக்கங்களின் பின்புறத்திலோ பெயரும் நாளும் பெரும்பாலும் செதுக்கப்பட்டிருக்கும். ஆகவே முன்னது தன் பேழையையும் 'ஸனது' என்னும் உரிமைத்தாளையும் பிரிந்துவிட்டால் அனாதை. யாருடைய தொண்டுக்குச் சான்று என்பதை எவராலும் கூற இயலாது. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என எழுத்து முத்திரையைக் கொண்டு காலத்தை அறியலாம். ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் முதலில் வந்தவை உள்ளீடற்றவை. பின்னர் வந்தவை திண்மையானவை. பெண்டிர் பெற்றவை வில்முடிச்சு நாடாவோடு இருக்கும். இவற்றைப் புளியிட்டுத் தேய்த்து மினுக்குவது பெருந்தீங்கு. நுண்ணிய எழுத்துகள் மழுங்கிவிடும். பழைய நாடா நைந்திருந்தாலும் அதனை எடுத்தெறிந்து புதியது கோக்கலாகாது. நூறாண்டு கடந்த பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து விலை கேட்டு வருவோரிடம் இதனைச் சொல்லிவிட வேண்டும்.

பதக்கமே தொலைந்துபோன குடும்பங்களுக்கும் ஒரு வழி உண்டு. இப்பெருமைகள் ஆண்டுதோறும் இருமுறை, ஜனவரி முதல் நாளிலும் அரசர் பிறந்தநாளிலும், அரசிதழில் பட்டியலாக வெளியாயின. பாட்டனார் பட்டம் பெற்ற ஆண்டு ஏறக்குறையத் தெரிந்தாலும் போதும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்த் தொகுதிகளைக் கேட்டு வாங்கி, அவ்வாண்டின் முதல் இதழிலிருந்து புரட்டத் தொடங்கலாம்.